கீழ்முனைக்காரர்கள் நடந்த வழி

பிப்ரவரி 3, 1998, செவ்வாய்

காலையில் பிரிஸ்டலிலிருந்து ஒரு தம்பதி. வீட்டு முன்வாசலில் சாய்த்து வைக்க வண்டிச் சக்கரம் வேண்டுமாம். நல்லதும் இருந்தது, ஆரக்கால் உடைந்ததும் இருந்தது. உடைந்ததைத்தான் எடுத்தார்கள். "இதுலதான் உயிர் இருக்கு" என்றாள் அந்த அம்மாள். நல்லதைவிட விலை கூட்டிச் சொன்னேன். சந்தோஷமாகக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

டென்சில் சக்கரத்தை அவர்கள் கார்மேல் கட்டிவிட்டு வந்து, "முதலாளியம்மா, அடுத்தது என் முட்டிய வித்துடுங்க. அதுவும் தேஞ்சுதான் கிடக்கு, நல்ல விலை போகும்" என்றான். இருபது வருடமாக என் பழைய சாமான் யார்டில் இருக்கிறான். வாய்க்கும் சேர்த்துத்தான் சம்பளம்.

இடிக்கிற வீடுகளிலிருந்து கதவு, கூரை ஓடு, கல்தொட்டி, பால் கேன் வாங்குகிறேன், கழுவுகிறேன், விற்கிறேன். என் அப்பா பண்ணையில் குதிரை ஓட்டினார், அம்மா பண்ணை வீட்டில் பாத்திரம் தேய்த்தாள். அவர்கள் முதுகை ஒடித்த சாமான் எல்லாம் இப்போது பட்டணத்து ஜனங்களுக்கு ஏக்கமாகிவிட்டது. அந்த ஏக்கத்தை நனையாமல் வைத்திருந்து விற்பதுதான் என் தொழில்.

நனையாமல் வைப்பதுதான் இப்போது சிக்கல். பீர் கம்பெனி ஒன்று தன் பப்புகளை எல்லாம் பழைய கிராமத்துப் பாணிக்கு மாற்றப் போகிறது. மொத்தச் சாமானும் என்னிடமே வாங்கத் தயார். ஆனால் எல்லாம் ஒரே கூரையின் கீழ் காய்ந்து இருக்க வேண்டும் என்கிறார்கள். யார்டுக்குப் பின்னால் நான் வாங்கிப் போட்ட நீளவயலில், குறுக்காகப் பெரிய கொட்டகை. அனுமதி கிடைத்துவிட்டது. ஏப்ரலில் கம்பம் நட வேண்டும். வாழ்நாளில் ஒருமுறைதான் இப்படி ஒரு வியாபாரம் வரும்.

மாலையில் ரூபர்ட் வந்தார். லண்டனில் வக்கீலாக இருந்து ஓய்வு பெற்றவர், ஊர்மன்றத் தலைவர். இங்கே வந்து பத்து வருடம்தான் ஆகிறது, ஆனால் உடுப்பைப் பார்த்தால் எங்கள் எல்லோரையும்விடப் பழைய கிராமத்தான். முப்பதுகளில் நம் ஊர் டாக்டர் எடுத்த படச்சுருள்கள் ஒரு பரணில் கிடைத்திருக்கிறதாம். ஆவணக் காப்பகத்திலிருந்து ஒரு பெண் வந்து ஊர்க் கூடத்தில் போட்டுக் காட்டுகிறாளாம். "டீ செலவை நீங்க ஏத்துக்க முடியுமா ஏவிஸ்? மறைஞ்சுபோன ஒரு உலகம் அது!" என்றார்.

ஏற்றுக்கொண்டேன். படம் பார்த்து அழுகிறவர்கள் மறுநாள் கல்தொட்டி வாங்க வருவார்கள்.

பிப்ரவரி 9, திங்கள்

மழை. பைன் கதவுகள் ஊறி உப்பிவிட்டன.

பிப்ரவரி 15, ஞாயிறு

நேற்றுப் பிற்பகல் படம் போட்டார்கள். தேவாலயத்துக்குப் போகாமல் உட்கார்ந்து எழுதுகிறேன்.

கூடம் நிறைந்திருந்தது. எல்லோரும் ஊரின் மேல்முனைக்காரர்கள்; கூடம், தேவாலயம், கடை எல்லாம் அந்த முனையில்தான். கீழ்முனையிலிருந்து ஒருவரும் இல்லை. இரண்டு முனைக்கும் நடுவே ஒரு குறுகின சாலைதான் இருக்கிறது. கல்குவாரி லாரிகள் ஓரம் உரசிக்கொண்டு போகும், நடைபாதை கிடையாது. வயசானவர்கள் எப்படி வருவார்கள்? யாராவது காரில் கூட்டிவந்திருக்கலாம். எனக்கே தோன்றவில்லை.

காப்பகத்துப் பெண் பெயர் இமோஜென். என் மகள் வயசுகூட இருக்காது. ஊமைப்படம் என்பதால், யார் யார் என்று சத்தமாகச் சொல்லச் சொன்னாள், பதிவு செய்துகொள்ள.

முதலில் குதிரைகளைத்தான் சொன்னார்கள். "அது டார்பி!" "போய்யா, டார்பிக்கு நெத்தில வெள்ளை கிடையாது, அது கேப்டன்!" பிறகுதான் குதிரை ஓட்டுகிற ஆள். "பக்கத்துல யாரு, பெர்ஸியா?" "பெர்ஸிதான். நடையப் பாரு, எனக்கு இன்னும் பாக்கி வச்சவன் மாதிரியே போறான்." ஓடையில் ஆடு கழுவினார்கள். வைக்கோலுக்கு நடுவே ஆப்பிளை அடுக்கி, மதுவுக்குச் சாறு பிழிந்தார்கள். மத்தியானம் வேலியோரம் உட்கார்ந்து, ரொட்டியையும் பாலாடைக்கட்டியையும் கத்தியால் வெட்டி வாயில் போட்டார்கள். எல்லார் மேலும் வெயில். டாக்டர் வெயிலடித்த நாளில் மட்டும்தான் காமிராவை எடுத்திருக்கிறார். ஜனவரியில் உருளைக்கிழங்குக் குழியில் அம்மா விரல் வெடித்ததை எடுக்கவில்லை.

ரூபர்ட் கைக்குட்டையை எடுத்தார். நான் அழவில்லை. ஆனால் நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. வயல்கள் சின்னச் சின்னதாக, வேலி வேலியாக, எங்கே பார்த்தாலும் ஆட்கள். இப்போது ஒரு டிராக்டரில் ஒருத்தன், கண்ணாடிக்குள். கையாட்டினால்கூடத் தெரியாது.

அப்புறம் அந்தச் சுருள். பெட்டிமேல் டாக்டர் கையெழுத்து: சங்க நடை, தேவாலய வயல், 1936.

பெந்தெகொஸ்தே திங்கள் நடை, ஈஸ்டருக்கு ஏழு வாரம் கழித்து வரும் பண்டிகைக்கு மறுநாள். உடம்புக்கு முடியாமல் போனால் கைகொடுக்கும் சகாய சங்கம் ஊருக்கு ஊர் உண்டு, எங்கள் ஊரில் முனைக்கு ஒன்று. அன்றைக்கு ஆளுக்கொரு நீளக் கோல், கோல் நுனியில் சங்கத்தின் பித்தளைச் சின்னம், தேவாலயம்வரை நடை, பிறகு விருந்து. ஆண்கள் கோலோடு முன்னால் போனார்கள். பின்னால் பெண்கள். வேலியைத் தாண்டுவதற்கென்று போட்ட ஒரு வேலிப்படியில் ஒவ்வொருத்தியாக ஏறி இறங்கினார்கள். வெள்ளைத் தொப்பி போட்ட ஒருத்தி, மணிக்கட்டின் பின்புறத்தால் தொப்பியை அழுத்திக்கொண்டு ஏறினாள். உச்சியில் நின்றாள். திரும்பி டாக்டரைப் பார்த்து நாக்கை நீட்டினாள். சிரித்துக்கொண்டே குதித்துவிட்டாள்.

என் அம்மா.

மாவுக்கையோடு நெற்றி மயிரை ஒதுக்குகிற அதே மணிக்கட்டு. என் அம்மா நாக்கை நீட்டுவாளா? "பழசெல்லாம் கிடக்கட்டும், பாத்திரத்த எடு" என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லாதவள். அவள் கல்யாணப் படம்கூட என்னிடம் இல்லை. குடிசைச் சுவர் ஈரத்தில் பூஞ்சை பூத்துப் போனது. அவள் இளமையாக இருந்ததை நான் பார்த்ததே இல்லை.

இமோஜென் படத்தை நிறுத்தி, "இவங்க யாருன்னு தெரியுமா?" என்று கேட்டாள். ஒருவருக்கும் தெரியவில்லை. "யாராவது வேலைக்காரப் பொண்ணா இருக்கும்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

நான் வாயைத் திறக்கவில்லை.

ஏன் திறக்கவில்லை? ஏனென்றால் அம்மாவுக்குப் பின்னால் ஒரு களஞ்சியம் தெரிந்தது. முகட்டுச் சுவரில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஆந்தைப் பொந்து, எலி பிடிக்க ஆந்தை வந்துபோகக் கட்டும்போதே விட்டது. எல்லோரும் அதை அறுபதுகளில் இடித்த தேவாலய வயல் களஞ்சியம் என்று நினைத்துவிட்டார்கள். பெட்டியிலும் அப்படித்தானே எழுதியிருக்கிறது. கோல் நுனியில் இருந்ததை மேல்முனைச் சங்கத்தின் ஓக் விதை என்றார்கள். தூரத்தில் ஓக் விதையும் மணியும் ஒன்றுபோலத்தான் தெரியும். இரண்டையும் நான் விற்றிருக்கிறேன். அது மணி. கீழ்முனைச் சங்கம். மேல்முனைக்காரர்களுக்கு இந்த ஊரில் யார் நடந்தாலும் அது தாங்கள்தான்.

அந்த இரட்டைப் பொந்துக் களஞ்சியத்தில்தான் நான் கதவுகளை அடுக்கி வைத்திருக்கிறேன். அந்த வேலிப்படி இருந்தது என் நீளவயலில்.

பிப்ரவரி 17, செவ்வாய்

களஞ்சியத்தின் பின்னால் போய் நின்று பார்த்தேன். டாக்டர் நின்ற இடம்கூடத் தெரிகிறது. சந்தேகமே இல்லை.

கீழ்முனையிலிருந்து தேவாலயத்துக்கு நேர்கோடு. அந்தக் கோட்டின்மேல் குறுக்காக என் கொட்டகை.

இந்த நாட்டுச் சட்டம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்: ஒருமுறை பொதுவழி என்றால் என்றைக்கும் பொதுவழி. வரைபடத்தில் இல்லாவிட்டாலும், நடந்ததற்குச் சாட்சி இருந்தால் போதும். இத்தனை நாள் சாட்சி இல்லை. இப்போது என் அம்மாவே வந்து நிற்கிறாள், நாக்கை நீட்டிக்கொண்டு.

நான் பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. நான் ஒன்றும் பொய் சொல்லவில்லையே. சொல்லாமல் இருப்பது பொய்யா?

பிப்ரவரி 22, ஞாயிறு

கீழ்முனையில் பெரில் ஹர்ஃபோர்டைப் பார்க்கப் போனேன். அம்மாவோடு பண்ணை வீட்டில் வேலை பார்த்தவள், எண்பதைத் தாண்டியவள். போய் ஒரு வருடமாவது இருக்கும். கையில் ஆரஞ்சுப் பழம்.

"என்னடி ஏவிஸ், பழத்தோட வர்ற? வீட்டுல பழைய சாமான்னு நான் ஒருத்திதான் மிச்சம். என்ன விலை தருவ?"

"துருவெல்லாம் தேய்ச்சுக் குடுத்தா யோசிக்கிறேன்" என்றேன்.

சிரித்தாள். டீ போட்டாள். கெட்டிலைத் தொடக்கூட என்னை விடவில்லை. போன இலையுதிர் காலத்தில் சாலையில் போகும்போது லாரிக் கண்ணாடி அவள் கூடையைத் தட்டி எறிந்ததாம். முட்டை எல்லாம் பள்ளத்தில். அன்றிலிருந்து கடைக்கும் போவதில்லை, தேவாலயத்துக்கும் போவதில்லை. மகள் ஜில்லியன் வாரம் ஒருமுறை சாமான் கொண்டுவந்து போடுகிறாள். இப்போது பிரிட்ஜ்வாட்டரில் ஒரு முதியோர் இல்லம் பார்த்து வைத்திருக்கிறாளாம்.

"நல்ல பொண்ணுதான். ஆனா, 'ஒரு பால் வாங்கக்கூட நடக்க முடியலியேம்மா, எப்படித் தனியா இருப்ப'ங்கிறா. நடக்க முடியலன்னு யாரு சொன்னா? காலு நல்லாத்தான் இருக்கு. நடக்க இடம்தான் இல்ல."

பேச்சுவாக்கில் கேட்பதுபோல, பெந்தெகொஸ்தே நடைக்கு எந்த வழியாகப் போவீர்கள் என்றேன்.

"நீளவயல் வழியாத்தான். வேற எது? மேல்முனைக்காரங்களோட ரோட்டுல சேர்ந்து நடந்தா அவங்க தூசி நம்ம மேல படும்னு எங்கப்பா சொல்வாரு. உங்கம்மா ஒரு தடவ படிமேல நின்னு டாக்டரப் பார்த்து நாக்க நீட்டிட்டா. பண்ணையம்மா ஒரு வாரம் அவகிட்டப் பேசல. யுத்தத்துல உருளைக்கிழங்கு போடணும்னு உழுதானுங்க. படியப் பிடுங்கினவன் திருப்பி வைக்கவே இல்ல. நாங்களும் கேட்கல. கேட்டா வேலை போயிடும், வேலை போனா பண்ணை குடுத்த வீடும் போயிடும். அப்புறம் வயசான காலத்துல கவுன்சில்ல கேட்டோம். சாட்சி இருக்கான்னு கேட்டானுங்க. நாங்கதான்யா சாட்சின்னோம். சிரிச்சானுங்க."

"அம்மா எப்பவாவது சிரிப்பாளா?" என்று கேட்டேன்.

பெரில் என்னையே பார்த்தாள். "அவ சிரிச்சா குதிரை மிரளும்டி" என்றாள்.

பிப்ரவரி 27, வெள்ளி

பீர் கம்பெனி ஆள் வந்தான். நீளவயலைக் காலால் அளந்தான். "ஏப்ரல்ல ஆரம்பிச்சா ஜூலைல சாமான் எடுத்துக்கறோம்." கை குலுக்கினோம். கையெழுத்து மார்ச் கடைசியில்.

மார்ச் 10, செவ்வாய்

இமோஜென் எல்லோருக்கும் வீடியோ நாடா அனுப்பியிருக்கிறாள். போட்டுப் பார்த்தேன். திரும்பத் திரும்ப. டீ ஆறிவிட்டது.

மத்தியானம் ரூபர்ட் யார்டுக்கு வந்தார், குதியாட்டமாக. கோடைத் திருவிழாவில் விற்க ஏதாவது செய்யலாமாம். வேலிப்படிமேல் நிற்கிற அந்தப் பெண்ணின் படத்தைப் பாத்திரம் துடைக்கிற துணியில் அச்சடித்து, கீழே 'நம் கிராமத்து அழகி' என்று போட்டால்? "பேரு தெரியாதது ஒரு வகையில நல்லதுதான். அவங்க எல்லாருக்கும் பொதுவாயிடறாங்க, பாருங்க" என்றார்.

நல்ல மனுஷன். அவர்மேல் தப்பில்லை. தலையை ஆட்டிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

பொதுவா? அவ என்ன பொதுவா? பதினாலு வயசுல இருந்து மத்தவன் பாத்திரத்தத் துடைச்சவ. செத்த பிறகு பாத்திரத் துணியிலயே அச்சடிக்கப் போறானுங்க. பேரு இல்லாம. நான் அதையும் மொத்த விலைக்கு வாங்கி யார்டுல தொங்கவிட்டு வித்துடுவேன் போலிருக்கு. வித்துடுவேன். என்னை எனக்குத் தெரியாதா?

அவ பேரு மேபல்.

மார்ச் 12, வியாழன்

ஒரு யுக்தி தோன்றியது. பெயரை மட்டும் சொல்வது, இடத்தைச் சொல்லாமல் விட்டுவிடுவது. அம்மாவுக்கு அம்மாவும் ஆச்சு, கொட்டகைக்குக் கொட்டகையும் ஆச்சு.

இமோஜெனுக்குப் போன் போட்டேன். "வெள்ளைத் தொப்பி. அது என் அம்மா. மேபல் டார்."

பேனாவைத் தேடி எடுக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "அன்னைக்குச் சொல்லலியே நீங்க!" என்றாள். அதிர்ச்சி என்றேன். அதுவும் உண்மைதான். எழுதிக்கொண்டாள். "அப்ப இவங்க மேல்முனைச் சங்கத்துக் குடும்பம், சரிதானே?"

ஆமாம் என்று ஒரு சொல். அவ்வளவுதான் தேவை. பேரம் பேசும்போது இதைவிடப் பெரிய விஷயங்களை முகம் மாறாமல் சொல்லியிருக்கிறேன்.

முடியவில்லை. பண்ணையம்மா ஒரு வாரம் முகம் கொடுக்காதபோதும் அசையாதவள். அவளைக் கொண்டுபோய் மேல்முனை ஓக் விதைக்குக் கீழே நிறுத்தினால், கல்லறையிலிருந்து எழுந்து வந்து அறைவாள்.

"சனிக்கிழமை வர முடியுமா? ஒருத்தரைக் கூட்டிட்டு வர்றேன். எனக்குத் தெரியாதது எல்லாம் அவங்களுக்குத் தெரியும்" என்றேன்.

போனை வைத்த பிறகு டென்சிலிடம் சொன்னேன், எல்லாவற்றையும். கூரை ஓடுகளை அடுக்குவதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தான். "அப்ப கொட்டகை?" என்றான். "போச்சு." இன்னும் நாலு ஓடு அடுக்கினான். "தார்ப்பாய் வாங்கணும். நிறைய" என்றான்.

மார்ச் 15, ஞாயிறு

நேற்று காரை எடுத்துப் போய்ப் பெரிலை ஊர்க் கூடத்துக்குக் கூட்டிவந்தேன். இமோஜென் டிவியை மேஜைமேல் வைத்திருந்தாள். ரூபர்ட்டும் இருந்தார், தலைவர் என்ற முறையில். பெரில் நாற்காலியை இழுத்து, மூக்கு டிவியில் முட்டுகிற தூரத்தில் உட்கார்ந்தாள்.

கோல்கள் வந்ததுமே ஆரம்பித்துவிட்டாள். "எங்கப்பா. பக்கத்துல டெட். குடிச்சிட்டுத்தான் நடக்கிறான், கோல் அவனப் பிடிச்சிட்டு நிக்குது. ஐயோ, அதோ நான், என் தொப்பி! அந்தத் தொப்பிக்கு நான் எவ்வளவு நாள் — அடியே! மேபல்! பாரு, நீட்டிட்டா பாரு!"

மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மறுபடி போடும்மா" என்றாள் இமோஜெனிடம்.

ரூபர்ட் மெல்ல, "இது தேவாலய வயல்தானே, திருமதி ஹர்ஃபோர்ட்? பெட்டில அப்படித்தான்..." என்றார்.

"டாக்டரு நல்ல மனுஷன். பிரசவத்துக்கே வீடு மாறிப் போனவரு. வயலு மாறாதா?"

மூன்று பேரும் என்னைப் பார்க்கவில்லை. பார்க்க அவர்களுக்குக் காரணமும் இல்லை. அப்போதும் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"அந்தக் களஞ்சியம் என்னோடது. கதவுகள் வச்சிருக்கேன். ரெண்டு பொந்து இந்தச் சுத்துவட்டாரத்துல அது ஒண்ணுலதான். வழி என் நீளவயல்ல போகுது" என்றேன்.

ரூபர்ட் வக்கீல். உடனே புரிந்துவிட்டது. "ஏவிஸ், உங்க கொட்டகை?"

"தெரியும்."

"இதைச் சொன்னா என்ன ஆகும்னு யோசிச்சீங்களா?"

"ஒரு மாசமா அதைத்தான் யோசிச்சேன்."

பெரில் இப்போதுதான் திரும்பினாள். பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து என் பக்கம் நீட்டினாள், சின்னப் பிள்ளைக்கு நீட்டுவதுபோல. வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன்.

போகும்போது ரூபர்ட் வாசலில் நின்று, "அந்தப் பாத்திரத் துணி விஷயம்... அவங்க உங்கம்மான்னு எனக்குத் தெரியாது ஏவிஸ்" என்றார். காது சிவந்திருந்தது.

"தெரிஞ்சிருந்தா பெரிய விலை கேட்டிருப்பேன்" என்றேன்.

மார்ச் 31, செவ்வாய்

பீர் கம்பெனிக்காரன் போனிலேயே முடித்துவிட்டான். பாதிச் சாமான் என்னிடம், மீதி டான்டனில் இன்னொருத்தனிடம். எரிச்சலாக இருக்கிறது. உத்தமியாக இருப்பது நன்றாக இருக்கும் என்று யார் சொன்னது? வயிறு எரிகிறது, அவ்வளவுதான்.

ஏப்ரல் 8, புதன்

ரூபர்ட் சொல்கிறார்: வழக்கு, விசாரணை என்று போனால் வருடக்கணக்கில் இழுக்கும். நிலத்துக்காரியே வழியை ஒப்புக்கொடுத்தால் சீக்கிரம் முடியும். காகிதம் எல்லாம் அவரே எழுதித் தருகிறாராம், காசு வாங்காமல். லண்டன் வக்கீல் இனாமாக எழுதுகிறார் என்றால் வாங்கிக்கொள்ள வேண்டும்.

கொடுப்பதுதான் கொடுக்கிறோம், வயல் ஓரமாக வளைத்து விடலாமே, கொட்டகைக்கு இடம் மிஞ்சும் என்று பெரிலிடம் சொல்லிப் பார்த்தேன். "அந்த ஓரம் மழைக்காலத்துல சேறு, முட்டிவரைக்கும். அப்புறம், உங்கம்மா வளைஞ்சு போற ஆளா?" என்றாள்.

நேராகவே விட்டேன். ஆனால் வழியின் இரண்டு பக்கமும் கல்தொட்டிகளையும் வாயில் தூண்களையும் வரிசையாக வைக்கச் சொல்லியிருக்கிறேன். நடக்கிறவர்கள் பார்த்துக்கொண்டே நடக்கட்டும். சாலைப் பக்கம் சின்னதாக ஒரு கொட்டகை போதும்.

ஏப்ரல் 20, திங்கள்

காப்பகத்திலிருந்து அட்டவணையின் நகல் வந்தது. "வேலிப்படியில்: மேபல் டார், கீழ்முனைச் சங்கம்." வேறொன்றும் இல்லை. போதும்.

மே 11, திங்கள்

டென்சில் படி வைத்தான், புது ஓக் மரத்தில். பழைய மரமே கையில் இருந்தது, போட்டிருக்கலாம். பெரிலுக்குக் கைப்பிடி வேண்டும் என்றான், அகலமான பலகை வேண்டும் என்றான். ஏறிக் காட்டினான். நானும் ஏறினேன். முட்டி கத்தியது.

நாக்கை நீட்டவில்லை. டென்சில் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஜூன் 1, திங்கள்

காலையில் யார்டில் தெரியாத முகங்கள். ஒன்றும் வாங்காமல், "குட் மார்னிங்" சொல்லிவிட்டு, என் தொட்டிகளின் விலைச்சீட்டைப் படித்து உதட்டைப் பிதுக்கிக்கொண்டு நடந்து போகிறார்கள். பழகிக்கொள்ள வேண்டும்.

பதினோரு மணிவாக்கில் பெரிலின் மகள் ஜில்லியன் காரை நிறுத்திவிட்டு ஓடி வந்தாள். முகம் வெளுத்திருந்தது. பிரிட்ஜ்வாட்டர் இல்லத்தைக் காட்டக் கூட்டிப் போக வந்தாளாம்.

"அம்மா வீட்டுல இல்ல. கதவு பூட்டிக் கிடக்கு. பக்கத்து வீட்டுலயும் தெரியலங்கிறாங்க. நீங்க எங்கயாவது பார்த்தீங்களா?"

"கடைக்குப் போயிருக்காங்க."

"யாரு கூட்டிட்டுப் போனது?"

"யாரும் இல்ல. நடந்துதான். இப்படித்தான் போனாங்க, போற போக்குல என் வேலியையும் குறை சொல்லிட்டு."

ஜில்லியன் திரும்பி வயலைப் பார்த்தாள். அந்தக் கோட்டில் புல் ஏற்கெனவே கொஞ்சம் படிந்திருக்கிறது. கார்ச் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டே நின்றாள். தேவாலயப் பக்கம் இன்னும் யாரும் தெரியவில்லை.

"டீ இருக்கா?" என்றாள் கடைசியில். "எப்படியும் கொஞ்ச நேரம் ஆகும்ல."

கெட்டிலை வைத்தேன்.